அக்காவின் தோள், மனைவியின் முகம்

ஓவியருக்கு நினைவிலிருந்து ஒரு விரல்கூட வரைய வராது. இதை அவரே ஒப்புக்கொள்வார். கண்ணெதிரே இருந்தால் நகத்தின் பிறை வரை பிசகாமல் இறங்கும். பொருளை எடுத்துவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். பாடநூல் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் பார்த்துவந்த வேலைக்கு இந்தக் குணம் பொருத்தமாகவே இருந்தது. இதயத்தின் நான்கு அறைகள், பூவின் சூலகம், மல்லாந்து கிடக்கும் தவளையின் குடல் என்று எதுவானாலும் அசலைப் பார்த்தோ பழைய பதிப்பைப் பார்த்தோ வரைந்து கொடுத்துவிடுவார். எட்டாம் வகுப்புத் தவளையை ஆறு பதிப்புகளுக்கு வரைந்ததில் அச்சகத்தில் அவருக்குத் தவளை என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகு திரும்பியபின் தயங்குவதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனித உருவங்களை வரைந்தார். அதற்கு எதிரே ஆள் வேண்டும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரக்கூடிய ஆள். மனைவியைத்தான் முதலில் உட்காரவைத்துப் பார்த்தார். மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதித் தரும் ஜன்னலில் இருந்தார். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு சீட்டு. கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பத்து நிமிடத்தில் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்துவிடுவார். அதனால் அக்கா உட்கார்ந்தார்.

அக்கா ஓவியரைவிட ஐந்து வயது மூத்தவர். பதினான்கு மாதமே நீடித்த ஒரு கல்யாணத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக்குத் திரும்பிவந்து பின்னறையில் இருந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கும் காஜா மிஷினில் பத்தொன்பது வயதிலிருந்து வேலை. அந்த மிஷின் அவருடைய வலது தோளை இடது தோளைவிட ஒன்றேகால் அங்குலம் கீழே இறக்கிவிட்டிருந்தது. ஓவியர் அடிக்கோல் வைத்து அளந்து சொன்ன கணக்கு இது. கட்டியவன் அளவு எதுவும் எடுக்காமலே கோணல் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தான்.

உட்கார அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தோளப் போட்டுக்க, முதுகப் போட்டுக்க. மூஞ்சி மட்டும் வேணாம்டா. மூஞ்சி இல்லேன்னா அது யாரோ."

ஆக, ஏற்பாடு இப்படி அமைந்தது. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு முன்னறையின் கதவைச் சாத்தி, வடக்கு ஜன்னலில் மெல்லிய திரையை இழுத்துவிடுவார்கள். அந்தத் திரையைத் தைத்தவர் மனைவிதான். கைப்பிடி போன அலுவலக நாற்காலியில் அக்கா ஓவியருக்கு முதுகு காட்டி உட்காருவார். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை, மேலே ஒன்றுமில்லை. தலை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அடுத்த வாரமும் அதே இடத்தில் கால் வைக்கத் தரையில் சாக்கட்டியால் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டிருக்கும். பன்னிரண்டரைக்கு முடியும். நாலைந்து ஞாயிறுகளில் உடம்பு முடிந்ததும், தலைக்கு விட்டுவைத்த இடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மனைவியின் முகத்தைப் போடுவார். அதற்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணியிலும் மனைவி மடியில் எதையாவது வைத்து நறுக்கிக்கொண்டிருப்பார்.

"என் தலைய வெட்டி உங்க கழுத்துல ஒட்டறாரு அண்ணி," என்பார் மனைவி.

"ஒட்டறது ஒட்டறான், பசை நல்லாப் போடச் சொல்லு. தும்மினா விழுந்துடப் போவுது," என்பார் அக்கா.

ஒன்பது ஆண்டுகள் இப்படிப் போயின. நாற்பத்தொரு படங்கள். எல்லாம் மூன்றடிக்கு இரண்டரையடி. பின்னறையில் அக்காவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிமிர்த்தி அடுக்கியிருந்ததால், அக்கா சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தால் சட்டத்தில் முழங்கை இடிக்கும்.

கலைக்கூடம் நடத்தும் அம்மாள் அச்சகத்துக்கு வந்தது வேறு வேலையாக. ஏதோ கண்காட்சிப் புத்தகத்துக்கு நிறம் சரிபார்க்க வந்தவர், ஓவியரின் மேசைக்குப் பின்னால் சட்டம் மாற்றக் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்தார். கிராப்பு வெட்டிய தலை, கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். எல்லோருக்கும் அவர் மேடம். மறுவாரமே வீட்டுக்கு வந்து பின்னறைக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி நாற்பத்தொன்றையும் பார்த்தார்.

"முகம் அமைதியா இருக்கு. உடம்பு கத்துது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல பாத்தீங்களா, அதான் விசேஷம்," என்றார். இருபத்து மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தார். போகும்போது படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். முகத்தைத்தான் கேட்கிறார் என்று எண்ணி ஓவியர் என் மனைவி என்றார். மேடம் அதையே தலைப்பாக்கிவிட்டார். அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் 'மனைவி: இருபத்து மூன்று ஓவியங்கள்' என்று வந்தது.

அந்த அழைப்பிதழ் வீட்டில் மூன்று பேர் கையிலும் மாறி மாறி இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மனைவி மருத்துவமனையில் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்தார். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நல்லதாகப் போயிற்று என்றார். ஒன்பது ஆண்டுகளாக உடம்பு ஒருவருடையது, முகம் ஒருவருடையது என்று பார்த்துப் பழகிய கண்கள் அவை. சுவரில் மாட்டினால் ஊரார் இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாகப் பார்ப்பார்கள் என்ற சின்ன விஷயம் அந்த வீட்டில் யாருக்கும் எட்டவில்லை.

கலைக்கூடம் தரை ஓடுகள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள், வெள்ளைச் சுவர், படத்துக்கு ஒரு விளக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. ஐந்தே கால் வரை மனைவி புதுச் செருப்போடு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றார். தெரியாத மனிதர்கள்கூட அவர் முகத்தை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. பிறகு மருத்துவமனை ஆட்கள் எட்டுப் பேர் ஒன்றாக வந்தார்கள். முதல் படத்தின் முன் நின்றார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மருந்து கொடுக்கும் பிரிவில் இருப்பவர் திரும்பிவந்து மனைவியிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ஜன்னல்ல இத்தன வருஷமா உங்க மூஞ்சிய மட்டும்தான் காட்டிட்டிருந்தீங்கம்மா. பாக்கி இருபத்து மூணையும் இங்க வச்சிருக்கீங்கன்னு தெரியாமப் போச்சே."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்கு முதலில் புரியவில்லை. அப்போது அவருடைய அண்ணன் இரண்டாம் அறையிலிருந்து வேகமாக வந்தார். கூடவே அண்ணி தரையைப் பார்த்தபடி வந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"இனிமே என் வீட்டுப் படி ஏறாத. எம் புள்ளைங்க வளந்துட்டாங்க."

மனைவியின் முகம் வெளிறியதை ஓவியர் பார்த்தார். பார்த்து, அந்த வெளிறலுக்கு எந்த நிறத்தில் எதைக் கலக்க வேண்டும் என்றுதான் யோசித்ததாகப் பின்னால் அவரே சொன்னார். அதற்குள் மனைவி கையை நீட்டிவிட்டிருந்தார்.

"அது நான் இல்லண்ணா. மூஞ்சி மட்டும்தான் நான். உடம்பு அவங்களோடது."

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் காகிதக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார் அக்கா. தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டைக் கையில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. அறையில் இருந்த நாற்பது, ஐம்பது பேரும் திரும்பினார்கள். முதலில் அக்காவை, பிறகு சுவரை, பிறகு மறுபடி அக்காவை. யாரும் சிரிக்கவில்லை. தோளைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பெண்களா, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஓவியரின் தோளில் தட்டினார். பத்திரிகைப் படக்காரரைக் கூப்பிட்டார். அக்காவின் கையிலிருந்த குவளையை வாங்கி வைத்துவிட்டு, அவரை ஏழாம் எண் படத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா தம்பியைத் தேடினார். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓவியர் முன்னால் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்பி நில்லுக்கா. தோள் தெரியல," என்றார்.

அக்கா திரும்பி நின்றார். ஒன்பது ஆண்டுப் பழக்கம்; திரும்பு என்று அந்தக் குரல் சொன்னால் உடம்பு திரும்பிவிடும். படக்காரர் நான்கு படம் எடுத்தார். ஏழு மணிக்குள் பதினாறு ஓவியங்களின் கீழ், விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக, சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று.

செய்தி திங்கட்கிழமைப் பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தை யாரோ அக்காவின் மிஷினில் ஊசிக்குக் கீழே வைத்து, படத்தில் இருக்கும் முதுகின் மேல் வரிசையாகக் காஜா எடுத்து வைத்திருந்தார்கள். அரையங்குல இடைவெளியில் ஆறு துளை, நேர்த்தியான வேலை. கட்டிங் பிரிவில் இருந்த ஒருத்தி சட்டைக் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான் இதெல்லாம் தேவையே இல்லையே அக்கா, நாங்க போட்டுக்கறோம்," என்றாள். மேற்பார்வையாளர் கேட்டும் கேளாதவராக நின்றார். தொழிற்சாலையில் அக்காவுக்கு ஏழாம் நம்பர் என்று பெயர் வந்தது. இவையெல்லாம் ஓவியருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். சாப்பிடும்போது அக்காவே சொன்னார். ஓவியர் அந்தக் காஜா எடுத்த காகிதத்தைக் கேட்டார். எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மனைவி மன்னிப்புக் கேட்கவில்லை. கணவரிடம் அவர் சொன்னது இதுதான்: "எம் பேர நான் காப்பாத்திக்கிட்டேன். உங்கக்கா பேர நீங்கல்ல காப்பாத்தியிருக்கணும்."

ஒன்பதாம் நாள் அக்கா ஒரு பையோடும் தையல் பெட்டியோடும் வீட்டைவிட்டுப் போனார். சண்டை எதுவும் இல்லை. வேறு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அங்கே காஜா எடுக்கும் இன்னொரு பெண்ணோடு மூன்றாம் மாடியில் ஓர் அறை. பின்னறையில் கட்டிலும் விற்காத படங்களும் மிஞ்சின. ஓவியர் அந்த ஞாயிறு ஒன்பதரைக்குத் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சாக்கட்டிக் கோட்டுக்கு நேராக வைத்துவிட்டு, அதன்பிறகுதான் அக்கா போய்விட்டார் என்பதை முழுதாக உணர்ந்தார்.

மேடம் பத்து மாதத்தில் இன்னும் பன்னிரண்டு படங்கள் கேட்டிருந்தார். அதே உருவம், அதே அளவு. அவை வந்தால் அச்சக வேலையை விட்டுவிடலாம், தவளையைவிட்டுக் கரையேறிவிடலாம் என்று ஓவியர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைய உட்காரும் ஒரு பெண்ணை வரவழைத்தார். நேரான முதுகு, நேரான தோள். வலது தோளை ஒன்றேகால் அங்குலம் இறக்கச் சொன்னார். அவள் இறக்கினாள், இருபது நிமிடத்தில் தோள் தன் இடத்துக்குப் போய்விட்டது. மறுபடி இறக்கச் சொன்னார். "சார், அது அங்க நிக்காது சார், அது என் தோளு," என்றாள் அவள். பழைய படங்களைப் பார்த்து வரைந்து பார்த்தார். மேடம் வந்து பார்த்துவிட்டு, துணிக்கடை பொம்மை என்று ஒரே சொல்லில் முடித்தார்.

ஐந்தாம் மாதம் ஓவியர் அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினார். அக்கா இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பி தன் கஷ்டத்தையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"வரேன்," என்றார். "ஆனா இந்தத் தடவ என் மூஞ்சி."

"நீதானேக்கா வேணாம்ன?"

"அப்ப அது யாரோவா இருந்துச்சு. இப்ப ஊரே என்னைப் பாத்தாச்சு, மூஞ்சியத் தவிர. இன்னொருத்தி மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஏன்டா ஏழாம் நம்பரா திரியணும்? நான்னா நான்னே இருக்கட்டும். முடியும்னா சொல்லு."

ஓவியர் சத்தியம் செய்தார். உண்மையாகவே செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு உடம்பு வேண்டியிருந்தது, அதற்காக எந்த முகத்தையும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

ஆறு ஞாயிறுகள் அக்கா இரண்டு பேருந்து மாறி வந்தார். மனைவி அந்த நேரங்களில் கடைக்குப் போய்விடுவார். நான்கு ஞாயிறு உடம்பு, இரண்டு ஞாயிறு முகம். ஒன்பது ஆண்டுகளாக எதிரே இருந்தும் ஓவியர் பார்க்காத முகம் அது. இடது புருவம் பாதியில் நின்றுவிட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இரட்டைப் பை. கீழுதடு நூலைக் கடித்துக் கடித்து ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இருந்ததை இருந்தபடி போட்டார். ஆறாம் ஞாயிறு பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நின்றார். நெடுநேரம் நின்றார்.

"என் மூக்கு இவ்ளோ பெருசாடா?"

"ஆமாக்கா."

"அப்பா மூக்கு," என்று சொல்லி அக்கா சிரித்தார். அன்று அவர் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மனைவி திரும்பிவந்தபோது வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்கள்.

மேடம் வியாழக்கிழமை வந்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்; கழற்றிவிட்டும் பார்த்தார்.

"தோள் பிரமாதம். மூஞ்சிதான் கெடுத்துடுச்சு. உடம்பும் மூஞ்சியும் ஒண்ணாயிடுச்சு, பாக்க பாவமா இருக்கு. பாவத்த யாரும் வாங்கிச் சுவத்துல மாட்ட மாட்டாங்க. பழைய மூஞ்சியப் போடுங்க."

வாக்குக் கொடுத்திருப்பதை ஓவியர் சொன்னார். மேடம் அதை மறுக்கவில்லை. அப்படியானால் வேறு யாருக்காவது அந்த இரண்டு அறைகளைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஓவியர் வெள்ளி முழுவதும் யோசித்தார். சனிக்கிழமை மாலை சாயம் வழிக்கும் கத்தியை எடுத்தார். சாயம் இன்னும் காயவில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை சுலபமாக வந்தது. அதைப் பழைய செய்தித்தாளில் துடைத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மனைவி உட்கார மறுத்துவிட்டதால் தன் கண்காட்சிக்கு மேடம் அச்சிட்ட புத்தகத்தைத் திறந்துவைத்து, அதில் இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துப் போட்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று.

மறுநாள் அடுத்த படத்துக்காக அக்கா ஒன்பது இருபதுக்கே வந்துவிட்டார். முடிந்த படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அக்கா அதைத் தானே திருப்பினார்.

ஓவியர் மேடம் சொன்னதைச் சொன்னார். அச்சகத்தைப் பற்றிச் சொன்னார். தனக்கு வயது நாற்பத்தாறு ஆகிறது என்பதையும் சொன்னார். ஒன்பது ஆண்டு உட்கார்ந்ததில் அக்காவுக்கும் இந்தத் தொழில் ஓரளவு தெரிந்திருந்தது.

"வழிச்சியா, மேலயே போட்டியா?"

"வழிச்சேன்."

"எங்க?"

ஓவியர் குப்பைக்கூடையைக் காட்டினார். அக்கா அந்தச் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பின் இரண்டு பக்கமும் தோல் நிறத்தில், சாம்பல் கலந்து, ஒரு ஈரக் கறை. எது கண், எது மூக்கு என்று தெரியவில்லை. அதைத் திரும்ப மடித்தார். விரலில் ஒட்டியதை டர்பன்டைன் துணியில் துடைத்தார். காகிதத்தைக் கூடையிலேயே போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

வழக்கமாக நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிப்பார். அன்று எழவில்லை. ஓவியருக்கு மனம் லேசாகிவிட்டது. அக்கா புரிந்துகொண்டார் என்றே நினைத்தார். கை அன்று ஓடியதுபோல் என்றும் ஓடியதில்லை. நான்கு ஞாயிறு வேலையை அந்த மூன்று மணி நேரத்தில் போட்டு முடித்தார். பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்து சட்டையைப் போட்டு, எல்லாப் பொத்தானையும் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஓவியர் மூன்றாம் மாடிக்குப் போனபோது இரும்புக் கட்டில் ஒன்று சுருட்டிய மெத்தையோடு இருந்தது. அந்தத் தொழிற்சாலைக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருக்கிறதாம், அங்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். எந்த ஊர் என்று கேட்டார். கூட இருந்த பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அத மட்டும் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க," என்றாள்.

இரண்டே படங்களுக்கு யாரும் இரண்டு அறைகளைத் தருவதில்லை. மேடம் அந்த மாதத்தை ஒரு சிற்பிக்குக் கொடுத்துவிட்டார். முதல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், அது விற்றது. இரண்டாவது படம் ஓவியர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அதற்கு இன்னும் தலை இல்லை. மனைவி அதைப் பார்க்க வேண்டியிராதபடி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அச்சகத்திலிருந்து யாராவது வந்தால் ஓவியர் விளக்கைப் போட்டுக் காட்டுவார்.

"இந்தத் தோளப் பாருங்க. இந்த மாதிரி ஒண்ணு நான் போட்டதே இல்ல. அக்கா அன்னிக்கு அவ்ளோ நல்லா உக்காந்தாங்க."